கோடையில் காணாமல் போகும் பாலக்: வேலியில் படர்ந்திருக்கும் பசலையை ஏன் யாரும் பறிப்பதில்லை?

ஏப்ரல் பிறந்துவிட்டால் கீரைக் கடைகளில் ஒரு பேச்சு வழக்கமாக நடக்கும்.

"பாலக் இருக்காக்கா?"

"வெயிலுக்கு வரத்தே இல்லம்மா. வந்தாலும் எலை சிறுத்துப்போய் வருது. அரைக்கீரை எடுத்துக்கோ, முளைக்கீரை காலையில பறிச்சது."

வாங்க வந்தவருக்கு மனசு ஒப்பாது. பிள்ளைக்கு ரத்தம் குறைவா இருக்கு, பாலக் குடுக்கச் சொன்னாங்க என்பார். கடைசியில் வாடிப்போன ஒரு கட்டைக் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொண்டு போவார். அதே தெருவில் நான்கு வீடு தள்ளி, யாரோ ஒருவர் வீட்டுக் காம்பவுண்ட் சுவரில், உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த பளபளப்பான இலைகளோடு ஒரு கொடி ஏறிப் படர்ந்திருக்கும். 40 டிகிரி வெயிலிலும் அது வாடாது. அதை யாரும் பறிக்கவும் மாட்டார்கள்.

அந்தக் கொடிதான் பசலை. கொடிப்பசலை என்று சேர்த்துச் சொன்னால் குழப்பம் இருக்காது. உலகம் முழுக்க வெப்பம் கூடிவரும் நிலையில், பாலக் வளராத கோடை மாதங்களுக்கு ஏற்ற மாற்றுக் கீரை என்று வெளிநாட்டுத் தோட்டக்காரர்கள் இதைத்தான் தேடித் தேடி நடுகிறார்கள். அவர்கள் ஊரில் இதன் பெயர் 'மலபார் ஸ்பினாச்'. இங்கேயும் சிலர் அதே பெயரில் இணையத்தில் விதைப் பொட்டலம் வாங்குகிறார்கள். பக்கத்து வீட்டுச் சுவரில் ஓசியில் தொங்குவதும் இதுவும் ஒன்றுதான் என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

பெயரில்தான் முதல் சிக்கல்

இணையத்தில் தமிழில் 'பசலைக்கீரை' என்று தேடினால் வரும் படங்களில் பெரும்பாலானவை பாலக்கின் படங்கள். ஆங்கிலத்தில் 'ஸ்பினாச்' என்று இருக்கும் இடத்திலெல்லாம் 'பசலைக்கீரை' என்று மொழிபெயர்த்து வைத்துவிட்டார்கள். சமையல் குறிப்பு, மருத்துவக் குறிப்பு, சத்துப் பட்டியல் என எல்லாவற்றிலும் இதே கதைதான். உண்மையில் இரண்டும் வேறு வேறு செடிகள். ஒரே குடும்பம்கூட இல்லை.

ஸ்பினாச்சின் தாவரவியல் பெயர் ஸ்பினேசியா ஒலரேசியா. பாரசீகப் பகுதியில் இருந்து பரவியதாகக் கருதப்படும் குளிர்காலப் பயிர். கொடிப்பசலையின் பெயர் பாசெல்லா ஆல்பா. இந்தியாவும் தென்கிழக்கு ஆசியாவும் இதன் தாய்மண். சிவப்புத் தண்டு உள்ள வகையை 'பாசெல்லா ரூப்ரா' என்று தனியாகச் சொல்வார்கள். இப்போது பெரும்பாலும் இரண்டையும் ஒரே இனமாகவே கொள்கிறார்கள்.

'பாசெல்லா' என்ற பெயரே நம் பக்கத்துப் பெயர்தான். டச்சு கிழக்கிந்திய கம்பெனியின் கொச்சி ஆளுநராக இருந்த வான் ரீடு, மலபார்ப் பகுதித் தாவரங்களைத் தொகுத்து 'ஹோர்ட்டஸ் மலபாரிகஸ்' என்ற 12 தொகுதி நூலை உருவாக்கினார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. உள்ளூர் மக்கள் சொன்ன பெயரை அப்படியே அதில் பதிந்தார்கள். 1753-ல் தாவரங்களுக்குப் பெயர் சூட்டிய லின்னேயஸ் அதையே எடுத்துக்கொண்டார். தமிழில் பசலை, இலங்கைத் தமிழில் பசளி, கன்னடத்திலும் துளுவிலும் பசளெ, தெலுங்கில் பச்சலி. எல்லாம் ஒரே சொல்லின் சாயல்கள்தான். (இலக்கியத்தில் தலைவிக்கு வரும் பசலை வேறு விஷயம். அதற்குக் கீரை மருந்தில்லை.)

இன்னொரு சிக்கலும் உண்டு. நம் சந்தையில் 'பாலக்' என்று வாங்குவதும் பல நேரங்களில் ஸ்பினாச் இல்லை. இந்தியாவில் பாலக் விதை என்று விற்கப்படுவதில் பெரும்பகுதி பீட்டா வல்காரிஸ் இனத்தைச் சேர்ந்தது. அதாவது பீட்ரூட்டின் உறவுக்காரச் செடி. கிழங்குக்குப் பதில் இலைக்காக வளர்க்கப்படும் வகை. 'ஆல் கிரீன்', 'பூசா ஜோதி', 'ஊட்டி 1' போன்ற ரகங்களெல்லாம் இந்த வகைதான். இது அசல் ஸ்பினாச்சை விடக் கொஞ்சம் கூடுதலாக வெயில் தாங்கும். அதனால்தான் நம் சமவெளியிலும் வளர்கிறது. ஆனாலும் சித்திரை வெயிலில் இதற்கும் மூச்சு முட்டும்.

இது போதாதென்று தரைப்பசலை என்று ஒன்று, சிலோன் பசலை என்று ஒன்று. முதலாவது தரையோடு படரும் பருப்புக்கீரையின் இனம். இரண்டாவது இளஞ்சிவப்புப் பூ பூக்கும், நிமிர்ந்து வளரும் வேறொரு செடி. இரண்டுமே கொடிப்பசலைக்குச் சொந்தமில்லை.

'பெயரில் என்ன இருக்கு, எல்லாம் கீரைதானே' என்று விட்டுவிட முடியுமா? விட முடியாது. சிறுநீரகக் கல் வந்தவருக்கு ஸ்பினாச்சைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எழுதுகிறார். வீட்டில் அதைப் பசலை என்று புரிந்துகொண்டு பசலையை நிறுத்திவிட்டு, பாலக் பன்னீரைத் தொடர்ந்து சாப்பிடுகிறார்கள். கர்ப்பிணிக்குத் தரும் உணவுப் பட்டியலில் 'பசலைக்கீரை - இரும்புச்சத்து இவ்வளவு' என்று ஸ்பினாச்சின் கணக்கு அச்சாகிறது. தவறான பெயரில் தரப்படும் சரியான ஆலோசனையால் யாருக்கும் பயனில்லை.

வெயிலில் பாலக்குக்கு என்ன ஆகிறது?

ஸ்பினாச் நன்றாக வளர 15 முதல் 20 டிகிரி வரையிலான வெப்பநிலை போதும். 30 டிகிரியைத் தாண்டினால் விதை முளைப்பதே தடுமாறும். முளைத்த செடியும் இலை விடுவதை நிறுத்திவிட்டு அவசரமாகத் தண்டு நீட்டிப் பூக்கத் தொடங்கும். பகல் நீள நீள இந்த அவசரம் கூடும். பூத்துவிட்டால் இலை கசக்கும், அதோடு அறுவடை முடிந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கோடையில் ஸ்பினாச் கிடைக்காமல் திண்டாடியதால்தான் மாற்றுக் கீரைத் தேடலே தொடங்கியது. கேப்டன் குக்கின் கடற்பயணத்தில் சென்ற ஜோசப் பேங்க்ஸ், நியூசிலாந்தில் இருந்து ஒரு கீரையின் விதையை லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். அது 'நியூசிலாந்து ஸ்பினாச்' ஆனது. அதே வரிசையில் பின்னால் வந்து சேர்ந்ததுதான் 'மலபார் ஸ்பினாச்'.

கொடிப்பசலையின் கணக்கு நேர் எதிர். குளிர்தான் அதற்கு ஆகாது. 15 டிகிரிக்குக் கீழே போனால் சுணங்கிவிடும், உறைபனி பட்டால் செத்தேபோகும். வெயில் ஏற ஏறத்தான் கொடி வேகமெடுக்கும். தடித்த, சதைப்பற்றான இலையும் தண்டும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. கையில் கிள்ளினால் வழவழவென்று ஒட்டுகிற பிசின் அந்த வேலைக்கு உதவுகிறது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். வெயிலைத் தாங்குவது வேறு, தண்ணீர் இல்லாமல் தாங்குவது வேறு. 'எந்த வெயிலுக்கும் தாங்கும்' என்று எழுதுகிறவர்கள் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். வேர்ப்பகுதி காய்ந்துபோனால் கொடிப்பசலை சாகாமல் நிற்கும்; ஆனால் இலை சிறுத்து, தண்டு நார் பாய்ந்து, சீக்கிரம் பூத்துக் காய்த்துவிடும். கோடையில் தினமும் கொஞ்சம் தண்ணீரும், வேர்மேல் மூடாக்கும் கட்டாயம். பாத்திரம் கழுவும்போது முதலில் அலசும் தண்ணீரைச் சோப்பு கலக்காமல் ஊற்றினாலே ஒரு கொடிக்குப் போதும்.

பாலக்கை விடச் சத்தா?

'பாலக்கை விடப் பத்து மடங்கு சத்து' என்கிற மாதிரித் தலைப்புகள் நிறையச் சுற்றுகின்றன. அவற்றை நம்ப வேண்டாம். அமெரிக்க வேளாண் துறையின் சத்து அட்டவணைப்படி, 100 கிராம் பச்சை ஸ்பினாச்சில் இரும்புச்சத்து 2.7 மில்லிகிராம். கொடிப்பசலையில் 1.2 மில்லிகிராம்தான். ஆக, இரும்பில் பசலை பின்தங்கியே இருக்கிறது. கால்சியம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்று: 99, 109 மில்லிகிராம். வைட்டமின் சி-யில்தான் பசலை முந்துகிறது. ஸ்பினாச்சில் 28, பசலையில் 102 மில்லிகிராம். ஃபோலேட் ஸ்பினாச்சில் 194, பசலையில் 140 மைக்ரோகிராம்.

இந்த எண்களை வைத்து ஒரு தீர்ப்பு சொல்லிவிட முடியாது. செடிகளில் இருக்கும் இரும்பு உடலில் சேர வைட்டமின் சி துணை செய்யும் என்பது உண்மை. ஆனால் கொதிக்கக் கொதிக்க வேகவைத்தால் அந்த வைட்டமின் சி-யில் நல்ல பங்கு போய்விடும். ஸ்பினாச்சில் கால்சியம் இருந்தும் பயன் குறைவு. அதில் உள்ள ஆக்சலேட் கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால், உடல் எடுத்துக்கொள்வது சுமார் 5 சதவீதம்தான் என்று 1988-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. பால் கால்சியத்தில் அது 27 சதவீதத்துக்கும் மேல். கொடிப்பசலையிலும் ஆக்சலேட் உண்டு. எனவே கல் பிரச்சினை உள்ளவர்கள் 'பாலக்தானே கூடாது, பசலை ஆகும்' என்று தாங்களே முடிவு செய்யக் கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்களும் எந்தக் கீரையையும் திடீரென்று கூட்டுவதற்கு முன் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. கீரைகளில் உள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையில் குறுக்கிடும்.

கொடிப்பசலைக்கு உறுதியான சான்று இருப்பது வைட்டமின் ஏ விஷயத்தில். வங்கதேசத்தில் ஆண்கள் சிலருக்கு 60 நாள் தினமும் இந்தக் கீரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். உடலில் வைட்டமின் ஏ இருப்பு கூடியது. 2004-ல் ஆய்வு வெளியானது. கலந்துகொண்டவர்கள் குறைவு என்றாலும், கீரையைச் சாப்பிட்டவர்கள் உடலிலேயே அளந்து பார்த்த ஆய்வு என்பதால் அதற்கு மதிப்பு உண்டு.

இப்போது அந்தக் கீரைக்கார அக்கா சொன்னதற்கு வருவோம். "அரைக்கீரை எடுத்துக்கோ" என்றாரே, அது சும்மா சொன்னதில்லை. அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, தண்டுக்கீரை எல்லாம் அமராந்தஸ் என்ற ஒரே பேரினம். கடும் வெயிலிலும் ஒளிச்சேர்க்கையைத் திறமையாக நடத்துகிற 'சி4' வகைத் தாவரங்கள் இவை. சோளமும் கரும்பும் இதே ரகம். இந்த இனக் கீரைக்கு அதே அமெரிக்க அட்டவணை தரும் கணக்கு: இரும்பு 2.3 மில்லிகிராம், கால்சியம் 215 மில்லிகிராம். பாலக்குக்கு இரும்பில் கொஞ்சம்தான் குறைவு, கால்சியத்தில் இரண்டு மடங்கு. முளைக்கீரை விதைத்த மூன்றே வாரத்தில் கட்டுக்கு வந்துவிடும்.

அப்படிப் பார்த்தால் 'பாலக்குக்கு மாற்று' என்கிற பேச்சே நம் ஊருக்குத் தலைகீழானது. இங்கே வெயில் தாங்கும் கீரைகள்தான் பரம்பரையாகத் தட்டில் இருந்தவை. பாலக் ஓட்டல் மெனுவிலும், உடற்பயிற்சி வீடியோக்களிலும், பாப்பாய் கார்ட்டூனிலும் இருந்து வந்த விருந்தாளி. (தசமப் புள்ளி இடம் மாறியதால்தான் கீரையின் இரும்புச்சத்து பத்து மடங்காகப் பரவியது என்று ஒரு கதை உண்டே, அதற்கும் ஆதாரமில்லை என்று 2010-ல் ஒரு ஆய்வாளர் தேடிப் பார்த்துச் சொல்லிவிட்டார்.) விருந்தாளியை வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. கார்த்திகை, மார்கழியில் தாராளமாக வாங்கலாம். மே மாதத்தில் அவருக்காகக் காத்திருப்பதுதான் வீண்.

சரி, அந்த வழவழப்பு?

கொடிப்பசலையை ஒருமுறை சமைத்துவிட்டு மறுபடி தொடாதவர்கள் சொல்லும் காரணம் இதுதான்: "கொழகொழன்னு இருக்கு, பிள்ளைங்க தொட மாட்டேங்குது." உண்மைதான். வெண்டைக்காய்க்கு உள்ள அதே குணம். அதிக நேரம் மூடி வேகவைத்தால் கூடும். வெண்டைக்காயை விட்டுவிடவில்லையே நாம். புளி ஊற்றுகிறோம், வதக்குகிறோம். இதற்கும் அதே வைத்தியம்தான்.

இந்தக் கீரையை விடாமல் சாப்பிடுகிற ஊர்களைப் பார்த்தால் பாடம் கிடைக்கும். மங்களூர்ப் பக்கம் இளம் தண்டையும் இலையையும் தேங்காய் அரைத்துவிட்டு, இறாலோடு அல்லது பருப்போடு குழம்பு வைக்கிறார்கள். ஆந்திராவில் சேனைக்கிழங்கும் பச்சலியும் சேர்த்துப் புளியும் கடுகும் போட்டுச் செய்யும் 'கந்த பச்சலி' கல்யாண வீட்டு ஐட்டம். வங்காளத்தில் 'புய் ஷாக்' பூசணியோடும், மீன் தலையோடும் வேகும். பிலிப்பைன்ஸில் 'அலுக்பாத்தி' என்ற பெயரில் பாசிப்பருப்போடு சேர்த்துச் சமைக்கிறார்கள். நம் பசலைக் கூட்டுக்கும் அதற்கும் தாளிப்பில்தான் வித்தியாசம். இலங்கையில் பருப்பும் தேங்காய்ப்பாலும் விட்டுப் பசளி சமைப்பது அன்றாடம்.

நம் வீட்டில் எளிதாகச் செய்ய: பாசிப்பருப்பைத் தனியாக வேகவைத்து, பூண்டு, சின்ன வெங்காயம், காய்ந்த மிளகாய் தாளித்து, நறுக்கிய கீரையைப் பெரிய தீயில் மூடாமல் நாலைந்து நிமிடம் வதக்கி, கடைசியில் பருப்பைச் சேர்த்து இறக்கலாம். இறக்கிய பிறகு எலுமிச்சைச் சாறு பிழிந்தால் வழவழப்பும் அடங்கும், வைட்டமின் சி-யும் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடிப்பதை மட்டும் தள்ளிப்போடுங்கள். இரும்புச்சத்து சேர்வதை டீ தடுக்கும். சாம்பார் கெட்டியாக வராமல் போனால், நாலு பசலை இலையை நறுக்கிப் போட்டுப் பாருங்கள்.

வளர்க்கப் பெரிய வித்தை இல்லை. விதையை ஒரு இரவு ஊறவைத்து ஊன்றலாம். அதைவிடச் சுலபம், மூன்று நான்கு கணு உள்ள தண்டை வெட்டி, இரண்டு கணு மண்ணுக்குள் போகுமாறு நடுவது. ஓரிரு வாரத்தில் வேர் பிடிக்கும். ஒன்றரை மாதம் தாண்டினால் பறிக்கலாம். இதற்குப் பகல் 13 மணி நேரத்துக்குக் குறைந்தால் பூக்கும் குணம் உண்டு. சென்னையின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. அதனால் நம் ஊரில் அது எப்போதும் பூக்கத் தயாராகவே இருக்கும். நுனியை வாராவாரம் கிள்ளிக்கொண்டே இருப்பதுதான் வழி. கிள்ளக் கிள்ளப் பக்கக்கிளை விடும். இலையில் சிவப்பு விளிம்போடு புள்ளி விழுவது சகஜம். அந்த இலைகளைப் பறித்து அப்புறப்படுத்தினால் பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கும். கறுப்பு நாவல் நிறத்தில் வரும் பழத்தை நசுக்கிக் கையில் பூசி விளையாடாத கிராமத்துப் பிள்ளைகள் குறைவு. அந்தச் சாற்றில் இருப்பது பீட்ரூட்டில் உள்ள நிறமியின் வகை. உணவுக்கான இயற்கை நிறமாக அதைப் பயன்படுத்த முடியுமா என்று மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வுகள் நடந்திருக்கின்றன.

கடைக்கு ஏன் வருவதில்லை?

இவ்வளவு இருந்தும் சந்தையில் கொடிப்பசலைக் கட்டைப் பார்ப்பது அரிது. விவசாயியைக் குறை சொல்ல முடியாது. முளைக்கீரைக்கு மூன்று வாரத்தில் பணம் வந்துவிடுகிறது. பசலைக்குப் பந்தலோ கம்பியோ போட வேண்டும், அதற்கு முதலீடு வேண்டும். சதைப்பற்றுள்ள இலை கட்டுக்கட்டாக மூட்டையில் ஏறினால் நசுங்கிக் கறுத்துவிடும். கேட்டு வாங்க ஆளும் இல்லை. ஆக, இது வயலைவிட வீட்டுக்கும் பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் பொருந்துகிற கீரை.

அங்கேதான் அரசுக்கு வேலை இருக்கிறது. தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 கணக்குப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நாடு முழுவதும் 57 சதவீதம். கீரை மட்டும் இதைச் சரி செய்துவிடும் என்று யாராவது சொன்னால் அது ஏமாற்று வேலை. இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரையை நம்பக் கூடாது. ஆனால் ஏழை வீட்டுத் தட்டில் காய்கறி சுருங்கும் மாதங்கள் கோடையில்தான் வருகின்றன. 2024 மே மாதத்தில் ஈரோடும் கரூர் பரமத்தியும் 42 டிகிரிக்கு மேல் கொதித்தன. அப்படிப்பட்ட வாரங்களில் காசு கொடுக்காமல் வீட்டுச் சுவரில் பறிக்கக் கிடைக்கும் ஒரு கீரை சின்ன விஷயமில்லை.

தோட்டக்கலைத் துறை மானிய விலையில் மாடித் தோட்டத் தளைகளைத் தந்துவருகிறது. பள்ளிகளில் ஊட்டச்சத்துத் தோட்டம் அமைக்க 2019-லேயே மத்திய அரசு வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. புதுத் திட்டம், புது நிதி எதுவும் தேவையில்லை. விதைப் பொட்டலத்தோடு வேர் பிடித்த ஒரு கொடிப்பசலைத் தண்டையும் கொடுத்தால் போதும். அரசுப் பண்ணைகளில் அதை உற்பத்தி செய்ய ஆகும் செலவு மிகச் சொற்பம். இன்னொன்று, ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அங்கன்வாடிகளிலும் தரும் உணவுப் பட்டியலில் 'பாலக்', 'கொடிப்பசலை', 'முளைக்கீரை' என்று தனித்தனியாக, படத்தோடு அச்சிட வேண்டும். 'பசலைக்கீரை (பாலக்)' என்று போடும் பழக்கத்தை ஊடகங்களும் நிறுத்த வேண்டும்.

பள்ளித் தோட்டங்களுக்கு ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பிப்ரவரியில் ஆசையாக வைக்கும் செடிகளெல்லாம் கோடை விடுமுறையில் காய்ந்து, ஜூனில் வெறும் பாத்திதான் மிஞ்சும். மார்ச்சில் நடும் பசலைத் தண்டு மட்டும் அந்த வெயிலிலேயே கம்பி வேலி ஏறி, பள்ளி திறக்கும் வாரம் சத்துணவுக் கூடத்துக்குப் பறித்துக் கொடுக்கத் தயாராக இருக்கும், மே மாதம் முழுக்கத் தண்ணீர் ஊற்ற ஒருவர் இருந்தால். அந்த ஒருவர் காவலரா, சத்துணவு அமைப்பாளரா, பக்கத்து வீட்டுக்காரரா என்பதைப் பள்ளி மேலாண்மைக் குழு ஏப்ரல் கூட்டத்திலேயே முடிவு செய்துவிட வேண்டும்.